ஜன்னலோர நாற்காலியும் கைவர்க்கச் சோதனையும்

அன்புள்ள மகளுக்கு,

தையல்கடையிலிருந்து அப்பா. நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், அதுதான் பிரச்சினையே. கடையில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று, அதன் ஓரம் இப்போது உட்கார்ந்திருப்பது நான். யார் தைத்த பொத்தான் அதிகம் அறுந்து வருகிறதோ, அவருக்கு ஜன்னலோர நாற்காலி கிடையாது, இஸ்திரி மேசைப் பக்கம்தான் என்று எனக்கும் அம்மாவுக்கும் பந்தயம். நீ போனில், "கைவர்க்கச் சோதனை பண்ணிப் பாருங்கப்பா" என்றாய். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் சொன்னால் தட்ட முடியுமா? இருவரும் நேரே டாக்டரிடம் போய்க் கையை நீட்டினோம். அவர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "கைக்கு ஒண்ணுமில்லையே, யார் அனுப்புனாங்க?" என்றார். உன் பெயரைச் சொல்லாமல் மானத்தைக் காப்பாற்றினேன்.

பிறகு, அந்தக் 'கை' ஒரு கிரேக்க எழுத்து, வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கும் கணக்கு அது என்று நீ விளக்கியபடி, எனக்குக் கறுப்பு நூல், அம்மாவுக்கு நீல நூல் என்று அடையாளம் வைத்து மூன்று மாதம் எண்ணினோம். கறுப்பு நூல் சட்டை 120, பொத்தான் அறுந்து திரும்பியது 18. நீல நூல் சட்டை 40, திரும்பியது 9. மூன்று மடங்கு உழைத்தவன் நான், அதைக் கவனி. அவளோ, "பதினெட்டு பெருசா, ஒன்பது பெருசா? எந்திரிங்க" என்கிறாள். "நூற்றுக்கு எனக்குப் பதினைந்து, உனக்கு இருபத்திரண்டரை" என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் ஆடாத குறைதான். அதற்குள் உன் கணக்கு வந்தது: கைவர்க்க மதிப்பு 1.2தானாம், 3.84ஐத் தாண்டினால்தான் நம்பலாமாம், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாமாம். பெத்த அப்பனுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா? போகட்டும். யாரும் தோற்கவில்லை என்றால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி, அதுதான் நியாயம். நாற்காலி எனக்கே. காலையிலிருந்து சீட்டியடித்துக்கொண்டே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு பொத்தான்கூட அறுபடாமல் நன்றாக இருங்கள்.

ஜன்னலோரத்திலிருந்து,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நீல நூல் முதல் மாசமே தீந்துபோச்சு. அப்புறம் நானும் கறுப்புலதான் தைச்சேன்" என்கிறாள். அந்த 120இல் யாருடையது எத்தனை என்பது கடவுளுக்கே வெளிச்சம். கடையின் வெளிச்சம் உன் அம்மாவுக்கு. அதிர்ச்சியில் நான் எழுந்துவிட்டேன், அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியாம். ஆனாலும் என் ஊசிக்கும் அங்கிருந்தே நூல் கோத்து நீட்டுகிறாள். இஸ்திரி மேசைப் பக்கம் அப்படியொன்றும் மோசமில்லை.