பம்ப்பின்மேல் நான் போட்ட பழி

படித்தவள் பொய் சொன்னால் அதற்குப் புத்தகத்தில் பக்கமும் காட்டுவாள். நான் காட்டினேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். மூத்தவளுக்கு ஐந்து மாதம். துறைமுகத்திலிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்கு அரிசி ஏற்றும் ஒரு டீசல் லொறிக்கு என் கணவர் சொந்தக்காரர். (சாரதியும் அவரே, கழுவுகிறவரும் அவரே.) பீப்பாயிலிருந்து அவர் எண்ணெய் ஊற்ற, நான் புனலில் வடிதுணி பிடிப்பேன். அந்தத் துணி கறுத்துப்போயிருந்தது. சுகாதாரப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் பொறுப்பாளா? பிள்ளையின் வெள்ளை ஃபிளானல் துண்டை விரித்தேன். உள்ளே பிள்ளை வீரிட்டாள். என் கை தளர்ந்தது. எண்ணெயின் கனத்தில் துண்டு புனல் வழியே டாங்கிக்குள் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. சொல்ல எனக்குப் பயம். எண்ணெயில் கரைந்துவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் லொறி கொள்ளுப்பிட்டியில் நின்றது. பத்து நிமிஷம் விட்டுக் கிளப்பக் கிளம்பியது. பம்பலப்பிட்டியில் மறுபடி நின்றது. "நாளைக்கும் நிண்டால் வேற லொறி பிடிப்பம்" என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

லொறியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தேன். டாங்கிக்குள் துணி விழுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன நிம்மதி!

"இஞ்சாருங்கோ, எண்ணெய்ப் பம்ப்தான் பிழை. அறுபத்திரண்டாம் பக்கம்," என்றேன்.

புதுப் பம்ப் சீமையிலிருந்து கப்பலில் வர மாதக்கணக்காகும். அதுவரை எங்கள் அடுப்பு எரியாது. இதை யோசிக்காமலில்லை, யோசித்துக்கொண்டேதான் பக்கம் காட்டினேன்.

கொம்பனித்தெருவிலிருந்து லொறி திருத்தும் மலாய்க்கார பாஸ் வந்தார். (கொழும்பில் தொழில் தெரிந்தவரெல்லாம் பாஸ்தான்.)

"பம்ப்பைக் கழட்டுங்கோ பாஸ். இவ வாசிச்சுப் பாத்திட்டா," என்றார் என் கணவர்.

"அவங்க வாசிச்சாங்க. நா இன்னும் கேக்கல்லியே."

என்ஜினை ஓடவிட்டு, பம்ப்பிலிருந்து போகும் நாலு குழாய்களின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். ஒவ்வொரு முறையும் என்ஜின் நொண்டியது.

"நொண்டுதே!" என்றேன் ஆவலாக.

"நொண்டினாத்தான் நல்லம் தங்கச்சி. அந்தக் குழாய் அதுவரைக்கும் வேல செஞ்சிருக்கு எண்டு அர்த்தம்."

நீண்ட திருப்புளியின் நுனியைப் பம்ப்பில் ஊன்றி, பிடியை என் காதருகே நீட்டினார். டக், டக், டக், டக். ஒரு பிசகில்லை. என் பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்த டொக்டர்கூட அத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை.

சிறிது நேரத்தில் என்ஜின் நின்றது. பாஸ் தள்ளிப்போய் ஒரு பீடியை முழுதாகக் குடித்து முடித்தார். வந்து கிளப்பினார். கிளம்பியது.

"நோயாளி பத்து நிமிஷம் படுத்தெழும்பினா சொகமாவுமா? பம்ப்புக்கு ஒண்டுமில்ல. ஆரோ கழுத்தப் புடிக்கிறாங்க, உடுறாங்க. டாங்கிக்குள்ள என்னமும் உழுந்திச்சா?"

"சீச்சீ! இவ வடிதுணி பிடிக்கத்தானே ஊத்துறனான்," என்றார் என் கணவர் பெருமையாக.

அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பிள்ளையின்ர ஃபிளானல்... கரைஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்," என்று அழுதேன்.

பாஸ் ஒரு கம்பியை வளைத்து டாங்கிக்குள் விட்டு இழுத்தார். வந்தது. என்ஜின் ஓடும்போது துண்டு எண்ணெய் போகும் வாயை அடைப்பதும், நின்றதும் விலகுவதுமாக இருந்திருக்கிறது. அதைப் பிழிந்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல துணி தங்கச்சி. ஒரு நூலும் கரையல்ல."

மறுநாள் லொறி நிற்காமல் வெள்ளவத்தை போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு பாஸ் எந்த லொறி பார்க்கப் போனாலும், என்ஜின் மூடியைத் திறக்குமுன் ஒன்று கேட்பாராம்: "வீட்ல கைப்புள்ள இரிக்கா?" ஏன் என்று யாருக்கும் சொல்லமாட்டார்; அவ்வளவு நல்ல மனிதர். சொன்னதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர்தான். கொட்டாஞ்சேனை முழுக்க.