தப்பு வாத்தியாரின் தோப்புக்கரணம்

தப்பாகச் சொல்லிக்கொடுத்தே ஒரு வகுப்பைத் தேற வைத்த மனிதர், ஓசூரில் மட்டுமல்ல, உலகத்திலேயே எங்கள் 'தப்பு வாத்தியார்' ஒருவர்தான்.

அப்போது நான் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்றார்கள். ஆன்லைனில் பி.காம். சேர்ந்தேன். என் படிப்பு முறை எளிது: வகுப்பைப் போடுவேன், கேமராவை அணைப்பேன், போனைத் தலையணையில் சாய்த்துவிட்டு நானும் சாய்வேன். அக்கவுண்ட்ஸில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்னொரு முறை போனால் சூப்பர்வைசர் நாற்காலி அம்பேல்.

அந்த நேரத்தில்தான் புது வாத்தியார் வந்தார். முதல் வகுப்பில் நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

"யாரு சாமி அது, கிளாஸ்ல லேத் மெஷின் ஓட்டறது?"

என் குறட்டைதான். அன்றிலிருந்து என் பெயர் லேத்.

அன்றே சட்டமும் போட்டார். "கிளாஸுக்கு ஒரு தப்பு பண்ணுவேன். கண்டுபிடிச்சா நான் தோப்புக்கரணம். சும்மா கத்தினா நீங்க!"

சற்று நேரத்தில் நமக்குப் பணம் தர வேண்டியவர்களை, நாம் தர வேண்டிய கடன் பக்கத்தில் எழுதினார். பாகலூர் மஞ்சுநாத் "தப்பு சார்!" என்று பாய்ந்தான். அறுபதை நெருங்கிய மனிதர், கேமரா முன் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தார். முட்டி முறிகிற சத்தம் மைக்கில் கேட்டது.

அப்புறம் எவன் தூங்குவான்? தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் தப்பு தப்புதான் என்பதால் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் போனில் வகுப்பு கேட்டபடி நான் ஆர்வக்கோளாறில் "தப்பு!" என்று அலற, அவர் சொன்னது சரியாக இருந்து தொலைத்தது. ஓடுகிற பஸ்ஸில் தோப்புக்கரணம் போட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ஏம்பா, எந்தப் புள்ளையாரு கோயில் வந்துச்சி இப்ப?"

கடைசி வகுப்பு. சல்லடை போட்டுத் தேடினோம், தப்பே இல்லை. முடிக்கும்போது சொன்னார்: "எல்லாரும் பாஸாயிருவீங்க. இந்த லேத் மட்டும் தேறாது."

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது. வீம்புக்கே படித்தேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ்! சண்டை போடத்தான் அவருக்குப் போன் போட்டேன்.

"சார், தப்பு!"

நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அந்த முட்டிச் சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு..." மூச்சு வாங்கியது.

"ஐயோ, போதும் சார்! முட்டி என்னாவறது?"

"அன்னிக்குக் கடைசி கிளாஸ்ல தப்பு பண்ணேன் இல்ல? இத்தனை நாளா நீ சொல்லுவேன்னு உக்காந்திருக்கேன். எண்ணுடா லேத்து."

எண்ணினேன். மூன்றுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நானும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன்.