கிழங்கண்ணேயின் கட்சி

பேராக் மாநிலத்திலேயே விதைகளோடு பகை வளர்த்த ஒரே மனிதர் எங்கள் கிழங்கண்ணேதான். செமோரில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையின் கேட் காவலாளி. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சோதனைக்கூடத்துக்காரியான எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் புரியும். விதைமேல் அவர் சுமத்திய குற்றங்கள் மூன்று. ஒன்று, உள்ளே இருப்பது துளியூண்டு கரு; பூவைப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். இரண்டு, தாய்ச்செடி மாதிரியே வரும் என்று உத்தரவாதமில்லை. மூன்று, எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும்.

"கிழங்கப் பாரு தங்கச்சி. இலை, மொட்டு, வழிக்குச் சாப்பாடு, எல்லாத்தையும் கட்டி வச்சுக்கிட்டுத்தான் தூங்குது. ஏர்போர்ட் போற ஆளு மாதிரிலா!"

சீனப் புத்தாண்டு நெருங்கியபோது மேலாளர் மிஸ் லிம் நார்சிசஸ் என்னும் வெள்ளைப் பூச்செடியின் கிழங்குகள் இரண்டை அவரிடம் ஒப்படைத்தார். புத்தாண்டன்று மிஸ் லிம்மின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். புத்தாண்டன்று அது பூத்தால் நல்ல சகுனமாம்; அன்றைக்கே பூத்திருக்க வேண்டும். ஒரு நாள் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

அண்ணே அவற்றைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, நல்ல வெயில் வருமென்று கேன்டீன் ஜன்னலில் வைத்தார். கேன்டீன் அக்கா கண்ணுக்கு இரண்டும் வெங்காயம். ஒன்று மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பலுக்குள் போய்விட்டது. அடுத்ததில் கத்தி இறங்கும்போதுதான் அண்ணே பார்த்தார்.

"அக்கா! அது விஷம்லா!"

"எந்தக் கிறுக்கன் சமையக்கட்டுல விஷத்த ஊற வைப்பான்?"

சட்டியோடு சம்பல் குப்பைக்குப் போனது. ஷிப்டு முழுக்க வெறும் சோறும் முட்டையும். எல்லாரும் அண்ணேயைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம்.

"இதுவும் போச்சுண்ணே" என்றேன், வெட்டுப்பட்ட கிழங்கைப் பார்த்து.

"விதைன்னா போயிருக்கும். இதுக்கு மொட்டு நடுவுல இருக்கு. கத்தி ஓரத்துலதான் பட்டிருக்கு." சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு கிண்ணம் காவல் கொட்டகையை விட்டு நகரவில்லை. மொட்டு அவசரப்பட்டால் ஐஸ் தண்ணீர், சோம்பினால் வெயில்.

"அண்ணே, கேட்டத் தொறங்கலா!" என்று லோரிக்காரர்கள் கத்துவார்கள்.

"இரு மச்சான், தண்ணி மாத்திட்டு வாரேன்!"

புத்தாண்டுக் காலையில் பூத்தேவிட்டது. வெட்டுப்பட்ட பக்கம் இலைகள் சுருண்டிருந்தன. நடுவில் வெள்ளைப் பூக்கள். மிஸ் லிம் வீடு குனோங் ராபாட்டில். என் காரில் வைக்கச் சொன்னேன்.

"நீ பிரேக் அடிச்சா கவுந்துரும். நான் மோட்டார்லயே போறேன்."

மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் கிண்ணம், இருபது கிலோமீட்டர் வேகம். பின்னால் நான் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். அம்மா வந்து இறங்குவதற்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம்.

அவ்வளவு தூரத்தில் ஓரிடத்தில்கூட அவரைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.