பரணில் உறுமிய காவிச் சிங்கம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியின் மாடிக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பெருங்கூட்டம் ஏறியது. ஏறியவர் அனைவரும் ஆண்கள். அனைவர் முகத்திலும் துண்டு. தெரிந்தவர் எதிர்ப்பட்டால், "மாமனுக்கு இடுப்புவலிங்க, தைலம் வாங்க வந்தேன்" என்பார்கள். எதிர்ப்பட்டவரின் மாமனுக்கும் இடுப்புவலியாகவே இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் அவ்வட்டாரத்து மாமன்கள் பட்ட பாட்டை என்னென்பது!

மாடியில் எழுந்தருளியிருந்தவர் மாண்புமிகு சிங்கமுகச் சித்தர் அவர்கள். உடம்பில் அக்கி கண்டால் காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதுவது ஊர் வழக்கம். அந்த அக்கி முதுகில் வராமல், வெளியே சொல்லக் கூசும் இடத்தில் வந்துவிட்டால்? வேட்டியை அவிழ்க்கச் சொல்லாத பெருந்தன்மை சித்தருடையது. களிமண் பொம்மை ஒன்றின் அடிவயிற்றில் சிங்கத்தை எழுதி, மந்திரித்துக் கொடுப்பார். அதை வீட்டுப் பரணில் வைக்க வேண்டும். சிங்கம் இருந்தால் புண் ஆறும், அழிந்தால் ஆறாது. பரணில் இருக்கும் சிங்கத்தை அரைஞாணுக்குக் கீழே இருக்கும் புண் எப்படிக் கண்டு அஞ்சும் என்று கேட்கும் அற்பப் புத்தி எவருக்கும் வரவில்லை.

வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை எடைபோடும் விருத்தாசலம் என்பவனின் பரணில் ஒரு பொம்மைக் கொலுவே இருந்தது. கொப்புளம் வரும், எரியும், உடையும், பொம்மை வாங்குவான், ஆறிவிடும். காய்ச்சலோ கடும் களைப்போ கண்டால் மீண்டும் வரும்.

"சிங்கம் அழியல சாமி. ஆனா மறுபடி மறுபடி வந்துகினே இருக்குது. பேஜாரா போச்சு" என்று முறையிட்டான்.

சித்தர் கண்மூடினார். "வூட்ல பொம்பள இருக்குதா?"

"இருக்குது சாமி. காந்திமதி."

"அதான் வெனை! அவ தோசம் உன்ன சுத்துது. இந்தப் புண்ணு ஆறினதும் அவள அம்மா வூட்டுக்கு அனுப்பிடு. இல்லாங்காட்டி சிங்கம் தாங்காது."

காந்திமதி இதைக் கேட்டு அழவில்லை. "போறேன். போறதுக்கு முன்னால சாமிய ஒருவாட்டி கும்பிட்டுட்டுப் போறேன்" என்றாள். இத்தனை அடக்கமான மனைவியை அனுப்புகிறோமே என்று அவனுக்கே இரக்கம் வந்தது.

புண் ஆறியது. அடுத்த செவ்வாயன்று, அவன் கடைசியாக வாங்கிவந்த பொம்மையுடன் அவள் மாடியேறினாள். பின்னால் அவளது தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு விருத்தாசலம். கீழே அவள் அம்மா ஊரான கண்டமங்கலத்துக்குப் போகும் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கண்டதும் கூட்டத்தின் துண்டுகள் மூக்குக்கு மேலே ஏறின.

"சாமி, இவருக்கு ஆறிட்ச்சு. சிங்கம் நல்லா இருக்குதா பாருங்க."

சித்தர் பொம்மையை உயர்த்திக் காட்டினார். "பாருங்கய்யா என் சிங்கத்த! புடரி சிலுத்துக்கினு நிக்குது. இதான் இவன காப்பாத்துச்சு."

"உங்க சிங்கந்தானா? நல்லா பாத்து சொல்லுங்க."

"என் கையால எழுதினது எனக்குத் தெரியாதா? ஜல்தி கெளம்பு!"

"உங்க சிங்கத்த வாங்கியாந்த அன்னிக்கே கழுவிட்டேன் சாமி. புண்ணு ஆறினப்ப பொம்மை மொட்டையாத்தான் கெடந்துச்சு. இது நேத்து நான் செங்கல்லுப் பொடிய கொழைச்சு எழுதினது. சிங்கமில்ல, எங்க வூட்டுப் பூனை. நம்பலன்னா திருப்பிப் பாருங்க, பின்னால எலியும் எழுதியிருக்கேன்."

திருப்பினார்கள். முதுகில் வாலை நீட்டிக்கொண்டு எலி இருந்தது.

"என் சிங்கங்கூட பரண்ல மழை ஒழுகி கரைஞ்சு போச்சுய்யா. ஆனா ஆறிட்ச்சு!" என்று ஒருவர் கத்தினார். துண்டு நழுவியது.

"உனுக்கா, மாமனுக்கா?" என்றது ஒரு குரல்.

சிரிப்பு அடங்குவதற்குள் சித்தர் அவர்கள் பின்படிக்கட்டு வழியாக ஜீவசமாதி அடைந்துவிட்டார்.

"அப்ப இதுக்கு இன்னாதாம்மா வழி? என் மாமன் கேக்கச் சொன்னாரு" என்றார் ஒரு பெரியவர்.

"விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட கேட்டேங்க. இது கிருமியாம். புண்ணு தானா ஆறுமாம்; கிருமி நரம்புல பதுங்கிக்குமாம். ஒடம்பு அசந்தா திரும்ப வருமாம். வேரோட புடுங்க மருந்து இல்ல, அடக்கி வெக்கலாம். புண்ணு இருக்கிறப்ப சேரக் கூடாது, மத்த நாளும் நிரோத் உறை போடணும். புள்ள உண்டானா டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது." கணவனைப் பார்த்தாள். "வருசக்கணக்கா வெளிய தெரியாமலே ஒடம்புல கெடக்குமாம். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு டாக்டராலயே சொல்ல முடியாதாம். பொம்மைக்குத் தெரிஞ்சிட்ச்சா?"

விருத்தாசலம் குனிந்து பெட்டியைத் தூக்கினான்.

"எந்த பஸ்ஸு?" என்றாள் காந்திமதி.

"விழுப்புரம். ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு, வூட்டுக்குப் போலாம்" என்றான்.

பொம்மைக்கு வைத்தியம் பார்த்தால் பொம்மைக்குத்தான் குணமாகும். ஆகவே, முகத்தை மூடிய பெரியோர்கள் அன்புகூர்ந்து துண்டை அவிழ்த்து, அதே துண்டால் மூளையில் படிந்த தூசியையும் ஒருமுறை துடைத்துக்கொள்ளுமாறு மிகுந்த பணிவுடன் வேண்டப்படுகிறார்கள்.