நீல டிரம்மும் மஞ்சள் மீனும்

சொன்ன பேச்சைக் கேட்கிற உயிர் ஒன்றாவது இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று ராயப்பராஜ் முடிவெடுத்தார். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் அவர் சூப்பர்வைசர். அங்கே அவர் கையைத் தூக்கினால் ஒரு வரிசை மிஷினே நிற்கும். திண்டுக்கல் வீட்டில் அவர் பேசினால் மின்விசிறிகூட வேகத்தைக் குறைப்பதில்லை.

"மீன் வளக்கப் போறேன்" என்றார்.

மனைவி பிரிஸ்கில்லா டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சட்டி மீனா, தொட்டி மீனா?"

"சிக்லிட். ஆப்பிரிக்கா ஏரி மீனு. ஆளை அடையாளம் கண்டுக்கிருமாம். கூப்பிட்டா கண்ணாடிகிட்ட ஓடி வருமாம்."

"பேர்லயே சிக்கல் இருக்கே."

"கிண்டல் பண்ணாத."

"மீனுக்குக் காது எங்கங்க இருக்கு?"

"காது இருக்கவங்க மட்டும் இந்த வீட்ல கேட்டுட்டாங்களாக்கும்!"

கடைக்கு இருவருமே போனார்கள். ராயப்பராஜ் நிறம் பார்த்தார். மஞ்சளில் கொஞ்சம், நீலத்தில் கொஞ்சம், வரிக்குதிரை போல் கோடு போட்டதில் கொஞ்சம். டீச்சர் கல்லாப் பக்கம் நின்று கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது என்ன கேள்வி என்று ராயப்பராஜ் கவனிக்கவில்லை. அவர் செய்த முதல் தவறு அதுதான்.

ஹாலில் தொட்டி உட்கார்ந்தது. மணல் பரப்பி, கல் அடுக்கி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடியும் நட்டார். டீச்சர் ஒரே நிபந்தனை போட்டார்.

"போர் தண்ணி மட்டுந்தான் ஊத்தணும். நீல டிரம்ல கை வச்சீங்க, தொட்டி சின்னாளபட்டிக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரும்."

நீல டிரம்மில் இருப்பது நல்ல தண்ணீர். குழாயில் அது வருகிற நாளில் தெருவே குடத்தோடு எழுந்து நிற்கும். போர் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகும், சமைத்தால் பருப்பு வேகாது. 'கஞ்சத்தனம்' என்று ராயப்பராஜ் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே, "சரி" என்றார்.

மறுநாள் காலை முதல் அதிர்ச்சி. மீன்கள் செடியைப் பிடுங்கி மிதக்கவிட்டு, மணலை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தன.

"வீட்டை மாத்தி வச்சிருச்சுங்க போல" என்றார் டீச்சர், செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்களைக் கேட்டுச்சா?"

ஆலையில் ஃபிட்டர் சோலைமுத்து இன்னொரு அதிர்ச்சி கொடுத்தார். "உப்புத் தண்ணியிலயா விட்டிருக்கீங்க? அண்ணே, மனுசனே வாயில வைக்க மாட்டான். கடல் தாண்டி வந்த உசுருண்ணே அது!"

ராயப்பராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு இரண்டாம் ஷிப்ட். ஆலை பஸ் மதியம்தான் வரும். டீச்சர் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை, வீட்டில் ஆளில்லாத நேரத்தில், நீல டிரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு தொட்டித் தண்ணீரை மாற்றினார். டிரம்மில் குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். மட்டம் இம்மி பிசகவில்லை. மூடியைப் போட்டுவிட்டு விசிலடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து டீச்சர் சாம்பார் வைத்தார். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. பருப்பு தட்டில் விழுந்தபோது டொக்கென்று கேட்டது.

"பருப்பு சரியில்லையோ" என்றார் ராயப்பராஜ், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

"பருப்புதான்" என்றார் டீச்சர், அவரைப் பார்த்துக்கொண்டு.

அதே நாளில் மீன்களும் நிறம் வெளுத்து, தரையோடு ஒட்டிக் கிடந்தன. உப்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்று ராயப்பராஜ் கணக்குப் போட்டார். டிரம்மை டீச்சர் புதிதாக நிரப்பி வைத்திருந்தார். அடுத்த வெள்ளி அதிலிருந்து இன்னும் இரண்டு வாளி கூட மொண்டு ஊற்றி, பழையபடி போர் தண்ணீரால் மட்டத்தைச் சரிக்கட்டினார். என்ன ஆச்சரியம்! மீன்கள் பளபளத்தன. ஒன்றையொன்று விரட்டின. நீலம் இன்னும் நீலமானது.

"நல்ல தண்ணின்னா நல்ல தண்ணிதான்யா" என்று ஆலையில் மார்தட்டினார்.

வீட்டில்தான் கஷ்டம். டிரம்மில் இருப்பது உப்பு என்று இப்போது அவருக்கு மட்டும் தெரியும். காபியைக் கண்ணை மூடி விழுங்கினார். ரசத்தில் உப்பு, சோற்றில் உப்பு, எல்லாம் உப்பாகத் தெரிந்தது.

"என்னங்க, மூஞ்சி போற போக்கு சரியில்லையே. ரசத்துல உப்பு தூக்கலா?"

"அதெல்லாம் இல்ல. அமிர்தம்."

"தண்ணி குடிங்க."

"வேணாம், வயிறு நிறைஞ்சிருச்சு."

தாகத்தோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவார். டீக்கடையில் சொம்பு சொம்பாகக் குடிப்பார். ராத்திரி வந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டப் படுத்துக்கொள்வார். மீனுக்காகத் தாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை பெரிய அதிர்ச்சி. மஞ்சள் மீன் ஒன்றுக்குத் தாடை வீங்கிவிட்டது. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு கல் இடுக்கிலேயே நின்றது.

"பிரிஸ்கி! மஞ்சக் குட்டி சாகப் போகுது!"

"வாயைத் திறக்காம இருந்தா சாகப் போகுதுன்னு அர்த்தமா?" என்றார் டீச்சர். "கொஞ்சம் பொறுங்க. நேரம் வந்தா திறக்கும்."

பொறுத்தார். சில நாள் கழித்து, காலையில் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து எள் அளவில் கண், அப்புறம் வால், அப்புறம் முழுக் குஞ்சு. கல்லுக்கிடையே குஞ்சுகள் சிதறின. வாயில் அடைகாத்திருக்கிறது!

ராயப்பராஜ் துள்ளிக் குதித்தார். வாயும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

"பாத்தியா! உப்புத் தண்ணியில இது நடக்குமா? எல்லாம் நல்ல தண்ணி! வாராவாரம் நீல டிரம்லருந்து என் கையால மொண்டு ஊத்தினது!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தொட்டி சின்னாளபட்டிக்குக் கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"மொத வாரம் ஊத்தினது நல்ல தண்ணி. மீனு வெளுத்துப் போச்சு. பருப்பு வேகலைன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே டிரம் முழுக்க போர் தண்ணியா ரொப்பிட்டேன். அதுக்கப்புறம் நீங்க உப்பை மொண்டு ஊத்திட்டு உப்பை ரொப்பி வச்சீங்க."

"உப்பா! அப்ப மீனு எப்படி..."

"இந்த மீனுக்கு உப்புத் தண்ணிதான் உசுராம். கடையிலயே கேட்டுட்டுத்தான வந்தேன்."

ராயப்பராஜ் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப சமையலுக்கு? காபிக்கு? நல்ல தண்ணி எங்க இருந்துச்சு?"

"குடம் குடமா நம்ம கட்டிலுக்குக் கீழ. நீங்கதான் தாகத்தோட அது மேல படுத்துக் கிடந்தீங்க."

ராயப்பராஜ் தொட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிள்ளைக்காரி இங்கயே இருக்கட்டும்" என்றார் டீச்சர். "ஆனா டிரம்மைக் கழுவிக் கமத்திட்டு, குடத்தையெல்லாம் வெளிய எடுத்து வைங்க. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு. இனிமே தண்ணி வந்தா நீங்கதான் பிடிக்கணும்."

"சரி."

அவர் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். ஹாலில் டீச்சர் போனில் அண்ணனிடம் பேசுவது கேட்டது.

"ஆமாண்ணே, குஞ்சு பொரிச்சிருக்கு... அடையாளமெல்லாம் நல்லாத் தெரியுது. சொன்ன பேச்சைத் தட்டுறதே இல்ல, முட்டி போட்டுக்கிட்டு ஓடுது... அட, மீனைச் சொல்லலண்ணே!"