தண்ணிக்குப் பின்னால் போன மேனேஜர்கள்

தூத்துக்குடி ஜில்லாவில் எத்தனையோ வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தண்ணீரை முன்னால் ஓடவிட்டு, அதன் பின்னால் பன்னிரண்டு ப்ராஜெக்ட் மேனேஜர்களை ஹெல்மெட்டோடு நடக்கவிட்ட ஒரே மனுசன் எங்க வாளி சார்தான். அந்தப் பன்னிரண்டு மடையர்களில் நானும் ஒருத்தன்.

அப்போது துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒருநாள் வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர், "உங்கள் மேனேஜர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பயிற்சி கொடுத்தீர்களா?" என்று மெயிலில் கேட்டுவிட்டார். எங்க ஜி.எம். பதறிப்போய், ரிட்டயராகி சாயர்புரத்தில் இருந்த ஒரு இன்ஜினியரைப் பிடித்துவந்தார். ஏசி ரூம், ப்ரொஜெக்டர், சமோசா எல்லாம் ரெடி. வந்தவர் கையில் லேப்டாப் இல்லை, ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருந்தது.

முதல் வேலையாக ரிஸ்க் ரெஜிஸ்டரைக் கேட்டார். கட்டுகிற இடத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒவ்வொரு மேனேஜரும் எழுதிவைக்க வேண்டிய நோட்டு அது. என்னுடையதை நான் எங்கே எழுதினேன்? ஏதோ மலைப்பிரதேச வேலையிலிருந்து அப்படியே காப்பியடித்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"பனிச்சரிவு, வாய்ப்பு குறைவு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உப்பளத்துப் பக்கத்துல பனிச்சரிவு வராதுன்னு கண்டுபிடிச்சிருக்கீரு. நல்ல மூளை வே உமக்கு. அடுத்தது என்ன? வெள்ளம், பொருந்தாது."

"சார், நம்ம ஊர்ல மழையே பெய்யாதே" என்றேன். ரூமே தலையாட்டியது.

"பெய்யாதுங்கதெல்லாம் அந்தக் காலம். இப்ப வருசம் பூரா பெய்ய வேண்டியது ஒரே நாள்ல கொட்டிட்டுப் போகுது. வாரும் வெளிய."

சைட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். இரண்டு எட்டு ஓடுவதற்குள் மண் அதைக் குடித்துவிட்டது. நாங்கள் சிரித்தோம். மனுசன் அசரவில்லை, போன் போட்டுத் தண்ணி லாரியையே வரவழைத்துவிட்டார். தண்ணீர் குடோனைச் சுற்றி, சிமெண்ட் மூட்டைகளைத் தாண்டி, உச்சி வெயிலில் எங்களையும் இழுத்துக்கொண்டு போய், நான் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர் குவார்ட்டர்ஸ் வாசலில் தேங்கி நின்றது.

அங்கே முதல் வீடு கேண்டீனில் சமைக்கிற ரோஸ்மேரி அக்காவுக்கு. புன்னைக்காயல்காரி, வீட்டுக்காரர் இல்லை, நர்ஸிங் படித்த ஒரு மகள். தினமும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி எங்க வீட்டுக்கா சார் வந்திருக்கு?" என்றாள்.

"அது சும்மா பாடம்க்கா" என்றேன்.

"பாடந்தான். பேஸ்மட்டத்த ரெண்டடி தூக்கும் வே" என்றார் வாளி சார்.

அதிலிருந்து தினமும் காலையில் போன். "தூக்கியாச்சா?" இதுதான் குட் மார்னிங். ஒருநாள் கடுப்பில், "நீங்களே பள்ளத்துலதான குடியிருக்கீங்க சார்?" என்று கேட்டேன். "வீட்டக் கட்டுனவன் என் கிளாசுக்கு வரலியே" என்றார். அடுத்த வாரம் ஜி.எம். பங்களாவிலும் வாளியைக் கவிழ்த்திருக்கிறார். தண்ணீர் நேராகப் பூஜை ரூமுக்குள் போயிருக்கிறது. அன்றோடு எங்களுக்கெல்லாம் பயிற்சி முடிந்துவிட்டதாக சர்டிபிகேட் கொடுத்து, அவரை அனுப்பிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. இரண்டடி தூக்கினால் ஒரு மாசம் தள்ளிப்போகும். நான் ரெஜிஸ்டரில் 'வெள்ளம்: பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதினேன்.

விழா முடிந்து அக்கா குடிவந்த பிறகு, மார்கழியில் மழை வந்தது. நாங்கள் நடந்த அதே வழியில், குடோனைச் சுற்றி வந்து, அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அக்காவும் மகளும் மொட்டை மாடி ஏறித் தப்பித்தார்கள். மகளுடைய சர்டிபிகேட்டெல்லாம் டிரங்குப் பெட்டியோடு முங்கிப்போனது. மறுவாரம் அவளுக்கு வெளிநாட்டு வேலைக்கு நேர்முகம்.

கோயில் மண்டபத்தில்தான் அவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். நான் ரொட்டி பாக்கெட்டோடு போனபோது வாளி சார் தரையில் உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு சர்டிபிகேட்டாகத் துணிக்கடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி எழுத்து போய்விட்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே தரையத் தூக்கச் சொன்னாருல்லா சார்? தூக்காம விட்டது யாரு?"

நான் ரொட்டி பாக்கெட்டைக் கீழே வைத்தேன். வாளி சார் நிமிராமலே சொன்னார்: "நாந்தாம்மா. ரெண்டடின்னு வாயால சொன்னேன், டிராயிங்குல எழுதிக் குடுக்க மறந்துட்டேன்." சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். எழுதிக் கொடுத்திருந்தார். அந்த டிராயிங் என் மேஜையில் இருந்தது.

மகள் நேர்முகத்துக்குப் போகவே இல்லை. இப்போது அந்தப் பயிற்சி ஆன்லைனில் நடக்கிறது. சமோசா சாப்பிட்டுக்கொண்டே பட்டனை அமுக்கிக்கொண்டு போனால் சர்டிபிகேட் வந்துவிடும். பக்கத்துப் பள்ளத்தில் அதே மட்டத்தில் இன்னொரு குவார்ட்டர்ஸ் எழும்புகிறது. எனக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போச்சு. அக்கா வாளி சாரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள், மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீரா வே?" என்பதோடு சரி.

நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை ரோஸ்மேரி அக்கா வாராவாரம் வாசிக்கிறவள். அக்கா, தூக்காம விட்டது நான்தான். அவர்கிட்ட பேசுங்க.