ஜெபம் முடிவதற்குள் செத்துப்போன மருந்து

முதல் வகுப்பில் எம்.எஸ்சி. வேதியியல் தேறியவர்களுக்கு வேதியியல் தெரியும் என்று ஒரு மூடநம்பிக்கை நாட்டில் உலவுகிறது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவரைக்கும் அதை ஒழித்துக்கட்டிய பெருமை எனக்கே உண்டு.

கொரோனா அடங்கிய சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. நூற்பாலையில் ஓய்வு பெற்ற என் மாமனார், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் கிருமிநாசினி தயாரிக்கக் கிளம்பியிருந்தார். அதில் சேரும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற மருந்துக்கும், அதைக் கலக்கும் ஆளுக்கும் அரசாங்க அனுமதி வேண்டும். ஆள் நான்தான். (பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட டிகிரியை அதிக நேரம் பார்த்த காரணம் அப்போதுதான் புரிந்தது.) அனுமதி இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்க முடியாது.

ஒரே குறை, எங்கள் மருந்து நுரைக்காது. மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"நுரை வராட்டி எவன்ம்மா நம்புவான்? வெறுந் தண்ணின்னுல்ல சொல்லுவான்!" என்று அனுமதிக்கான அரசாங்க ஆய்வுக்கு முந்தின நாள் முழுக்கப் புலம்பினார். புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பெண் ஆய்வாளர் ஒருவர் வந்தார். சிரிக்கவும் மேலிடத்து அனுமதி தேவைப்படும் என்பது போன்ற முகம். கேட்டதற்கெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் பதில் சொன்னேன்.

"இது எதோட சேரக் கூடாது?"

"சோப்போட சேரவே கூடாது மேடம். சேர்ந்தா மருந்து வேலை செய்யாது."

மாமா பூரித்துப்போனார்.

கடைசியாக, கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கலந்து காட்டச் சொன்னார் ஆய்வாளர். கலந்தேன். நுரை இல்லை; மாமாவின் முகம் தொங்கியது. அந்த நேரம் பார்த்து என் மாமியார் குறுக்கே வந்தார். (எங்கள் அத்தை சைக்கிளுக்குக் காற்றடிக்கும் முன்பும் ஜெபம் செய்கிறவர்.)

"மேடம், செத்த நேரம். ஒரு சின்ன ஜெபம். எல்லாரும் கண்ண மூடுங்க."

அத்தையின் சின்ன ஜெபம் உலக சமாதானத்தில் தொடங்கி, மழை, மில் தொழிலாளர்கள், தண்ணீர் வராத தெருக்குழாய் என்று போய்த்தான் எங்கள் ஷெட்டுக்கு வரும். எனக்கு அந்த அவகாசம் போதும். முந்தானையில் ஒளித்து வைத்திருந்த சின்னப் பாட்டிலிலிருந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை டம்ளரில் ஊற்றி ஒரு கலக்குக் கலக்கினேன். பிறகு நானும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமென்."

நுரையைக் காணோம். டம்ளர் முழுக்க வெள்ளையாக, திரிந்த பாலைப்போல என்னவோ மிதந்தது.

"தண்ணி பாலாயிருச்சே! ஸ்தோத்திரம்!" என்றார் அத்தை.

மாமா குனிந்து பார்த்தார். "ஏம்மா, உங்க ஊர்ப் பால்கோவாவா கிண்டுத?"

ஆய்வாளர் மட்டும் கண்ணை மூடவே இல்லையாம்.

"எதோட சேரக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"சோப்போட, மேடம்."

"இப்ப என்ன ஊத்துனீங்க?"

"...சோப்பு, மேடம்."

அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாமா ஷெட்டுப் பக்கமே போகாமல் படுத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருமுனையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஹாரன் கேட்டாலே ஓடிப்போய் ஏறிவிடலாம் போலிருந்தது.

மறு ஆய்வுக்கும் அதே ஆய்வாளர்தான் வந்தார். முதல் காரியமாக என் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். அப்புறம் அனுமதி வந்தது, மாமாவும் எழுந்து உட்கார்ந்தார், நுரைக்காத எங்கள் மருந்து நன்றாகவே விற்கிறது.

ஆனால் அத்தையின் ஜெபம்தான் மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் பிரியாணி ஆவி பறக்க, வீடு நிறைய விருந்தாளிகள் நிற்க, இன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்:

"எல்லாரும் கண்ண மூடுங்க. ஏட்டி, நீ மொத ரெண்டு கையையும் மேல தூக்கு."